சீரியஸ் கேம் வடிவமைப்பு: இணையவழி முதுநிலைப் படிப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை விழும். பல வருடம் குடித்த பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் விறைத்துப்போகும். தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. "காய்ச்சிக் குடிச்சா போயிடும்" என்று பலர் நம்புகிறார்கள். போகாது. லிட்டருக்கு 1.8 மி.கி. இருக்கிற 2 லிட்டர் தண்ணீரை ஒன்றரை லிட்டராகச் சுண்டும்வரை கொதிக்க வைத்தால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். ஃப்ளோரைடு முழுவதும் பாத்திரத்திலேயே தங்கி, லிட்டருக்கு 2.4 மி.கி. ஆகிவிடும்.

இதைப் பாடத்தில் வைக்கலாம், பள்ளிச் சுவரில் போஸ்டராக ஒட்டலாம். பிள்ளைகள் பரீட்சையில் சரியாக எழுதியும்விடுவார்கள். ஆனால் வீட்டில் ஒரே ஒரு குடம் ஒகேனக்கல் தண்ணீர் (குடிநீர்த் திட்டத்தில் வரும், ஃப்ளோரைடு பிரச்சினை இல்லாத காவிரித் தண்ணீர்) மிச்சமிருக்கும்போது அதை எதற்கு எடுப்பது என்று கேட்டால் தடுமாறுவார்கள். தெரிந்திருப்பதற்கும் செய்வதற்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியில் வேலை செய்வதுதான் சீரியஸ் கேம். பொழுதுபோக்கு அதில் இருக்கும். ஆனால் விளையாடி முடித்தவரிடம் ஒரு அறிவோ, திறமையோ, பழக்கமோ மாறியிருக்க வேண்டும் என்பதுதான் அது செய்யப்படுவதற்கான காரணம்.

இந்தப் பெயரை அமெரிக்க ஆய்வாளர் கிளார்க் ஆப்ட் 1970-ல் வெளியிட்ட தன் நூலுக்குத் தலைப்பாகவே வைத்தார். அவர் மனதில் இருந்தவை பெரும்பாலும் அட்டை, காகிதம், மேசை வைத்து ஆடுபவை. அமெரிக்க ராணுவம் 2002-ல் ஆள்சேர்ப்புக்காக ஒரு கணினி விளையாட்டை இலவசமாக வெளியிட்ட பிறகு இது ஒரு தனித் துறையாக வேகம் பிடித்தது. ராணுவம், விளம்பரம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட ஃபோல்டிட் என்ற விளையாட்டில் ஆடுபவர்கள் புரதங்களைத் திரையில் மடித்துப் பார்க்கிறார்கள். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் ஒரு வைரஸின் நொதி எப்படி மடிந்திருக்கிறது என்பது ஆய்வாளர்களுக்குப் பல வருடம் பிடிபடாமல் இருந்தது. 2011-ல் ஃபோல்டிட் ஆடியவர்கள் மூன்று வாரத்துக்குள் அதற்கு விடை சொன்னார்கள்.

கேமிஃபிகேஷன் வேறு. ஆப்பில் புள்ளியும் பதக்கமும் கொடுத்து மருந்தைச் சரியான நேரத்தில் சாப்பிட வைப்பது அது. விளையாட்டின் சில உறுப்புகளை மட்டும் வேறு ஒரு வேலையில் ஒட்டவைப்பது. சீரியஸ் கேம் முழு விளையாட்டாகவே இருக்கும்.

பரமபதமும் ஆடுபுலியும்

படிப்பின் முதல் சில வாரங்களில் மண்டையில் ஏற வேண்டிய விஷயம் ஒன்றுதான்: பாடம் எழுத்தில் இருக்கக் கூடாது, ஆடுபவர் எடுக்கும் முடிவுக்குள் இருக்க வேண்டும். இதை விளக்க அமெரிக்க உதாரணம் தேவையில்லை. பரமபத சோபனப் படத்தைப் பாருங்கள். ஏணிகள் நற்குணங்கள், பாம்புகள் தீய குணங்கள். கட்டத்துக்குக் கட்டம் நீதி எழுதியிருக்கிறது. ஆனால் காயை நகர்த்துவது தாயக்கட்டை. பேராசைப் பாம்பின் வாயில் விழுந்தவர் பேராசைப்பட்டு விழவில்லை, எண் அப்படி விழுந்தது. ஆடுபவருக்கு முடிவெடுக்க ஒன்றுமே இல்லாததால், இந்த விளையாட்டின் விதிகள் உண்மையில் சொல்லித்தருவது "எல்லாம் விதிப்படி" என்பதைத்தான்.

இப்போது ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு. கட்டத்தில் எங்கேயும் நீதி எழுதவில்லை. ஆட்டுக்குப் பின்னால் உள்ள புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டும் என்பது ஒரே ஒரு விதி. ஆடு வைத்திருப்பவர் இரண்டு ஆட்டத்துக்குள் தானாகவே ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடைத்து நிறுத்தப் பழகிவிடுவார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, விதி சொல்லிக்கொடுத்துவிட்டது. இயன் போகோஸ்ட் என்ற ஆய்வாளர் விதிகளின் வழியே வாதம் செய்வது என்று இதைத்தான் விரிவாக எழுதினார். பாடத்திட்டத்தில் அவர் பெயர் கட்டாயம் வரும்.

அதே வாரங்களில் எம்.டி.ஏ. (மெக்கானிக்ஸ், டைனமிக்ஸ், ஏஸ்தெடிக்ஸ்) என்ற சட்டகமும் வரும். 2004-ல் ஹூனிக்கே, லெப்ளாங்க், ஸுபெக் மூவரும் முன்வைத்தது. விதிகள் ஒரு அடுக்கு. அந்த விதிகளால் ஆடும்போது உண்டாகும் நடத்தை இரண்டாவது அடுக்கு. அந்த நடத்தையால் ஆடுபவருக்கு வரும் உணர்வு மூன்றாவது. வடிவமைப்பவர் கை வைக்க முடிவது முதல் அடுக்கில் மட்டும்தான். "பிள்ளைகள் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்" என்று நீங்கள் ஆசைப்படலாம். அதை நேராகச் செய்ய முடியாது. எந்த விதியை மாற்றினால் அந்தக் கவலை வரும் என்று தேட வேண்டும். உளவியலாளர்கள் டெசி, ரையன் இருவரின் ஊக்கக் கோட்பாடும், செய்யும் வேலையில் முழுதாக மூழ்கிப்போவதைப் பற்றிய சிக்சென்ட்மிஹாயியின் ஃப்ளோ கோட்பாடும் இந்தத் தேடலுக்குத் துணைக்கு வருபவை. முதலில் படிக்கும்போது கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும்.

படிப்பு எப்படி நடக்கிறது

இரண்டு அளவில் கிடைக்கிறது. ஒன்று முதுநிலைச் சான்றிதழ், பெரும்பாலும் 9 முதல் 15 கிரெடிட். மற்றது முழு முதுகலைப் பட்டம், 30 முதல் 36 கிரெடிட். இத்துறைக்கென்றே இணையவழி முதுநிலைச் சான்றிதழை நடத்திவந்த இடங்களில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஒன்று. அமெரிக்கக் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் சுமார் 15 வாரத்துக்கு வாரம் 3 மணி நேர உழைப்பு. ஆக 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வாரம் 9 மணி நேரம். ஓசூரில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படிப்பவர் ஒரு பருவத்தில் ஒரு பாடம் எடுத்தால் தாங்கும். இரண்டு எடுத்தால் வாரம் 18 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது.

வார வேலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: இரண்டு மூன்று ஆய்வுக் கட்டுரைகள், அதன் மேல் எழுத்து விவாதம், ஒரு விளையாட்டை ஆடி அலசுவது. இந்த அலசலில்தான் புதிதாக வருபவர்கள் மதிப்பெண் இழப்பார்கள். "கிராஃபிக்ஸ் நன்றாக இருந்தது, கொஞ்சம் போர் அடித்தது" என்று எழுதினால் அது விமர்சனம். எந்த விதி, அதனால் ஆடுபவர் என்ன செய்தார், அது சொல்லப்பட்ட நோக்கத்துக்கு உதவியதா, கெடுத்ததா என்று எழுதினால்தான் அலசல். பருவத்தின் பின்பாதியில் வடிவமைப்பு ஆவணம், முன்மாதிரி, ஆட்டச் சோதனை அறிக்கை.

நிரலாக்கம் தெரியாமல் சேரலாமா என்றால், பல இடங்களில் சேரலாம். ஆசிரியர்கள், செவிலியர்கள், நிறுவனப் பயிற்சிப் பிரிவில் இருப்பவர்கள் கூட வருகிறார்கள். முன்மாதிரியைக் காகிதத்தில் செய்யச் சொல்வதே வழக்கம், அதுவே நல்லதும்கூட. நிரல் எழுதிவிட்டால் அதை அழிக்க யாருக்கும் மனசு வராது. அட்டையைக் கிழித்துப்போட ஒரு நிமிடம் போதும்.

ஒரு முன்மாதிரி, பக்கத்திலிருந்து

ஃப்ளோரைடையே எடுத்துக்கொள்வோம். முதலில் நோக்கம். "விழிப்புணர்வு ஏற்படுத்துதல்" என்று எழுதினால் பேராசிரியர் திருப்பி அனுப்புவார், ஏனென்றால் அதை அளக்க முடியாது. இப்படி எழுத வேண்டும்: "7-ம் வகுப்பு மாணவர், ஒகேனக்கல் தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் அதைக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கி, மற்ற வேலைகளுக்குப் போர் தண்ணீரை எடுப்பார், காய்ச்சுவதால் ஃப்ளோரைடு குறையாது என்பதைக் காரணத்தோடு சொல்வார்." இதில் ஒவ்வொரு சொல்லையும் சோதித்துப் பார்க்கலாம்.

பிறகு ஆட்டம். ஒரு குடும்பம், அதில் புதிதாகப் பிறந்த ஒரு குழந்தை. 8 சுற்று, ஒரு சுற்றுக்கு ஒரு வருடம். ஒவ்வொரு சுற்றிலும் 6 வேலைக்குத் தலா ஒரு குடம் தேவை: குடிக்க, சமைக்க, குளிக்க, துணிக்கு, பாத்திரத்துக்கு, மாட்டுக்கு. போர் குடம் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். ஒகேனக்கல் குடம் சீட்டு எடுத்தால் 0 முதல் 3 வரை வரும். தொட்டியில் ஒரு குடம் மட்டும் அடுத்த சுற்றுக்குச் சேமிக்கலாம். உடம்பில் சேரும் ஃப்ளோரைடுக்கு அடையாளம் பாசிமணி: போர் தண்ணீரைக் குடித்தால் 2 மணி, களி கிண்டிச் சமைத்தால் 1 மணி, குடிக்கும் போர் தண்ணீரைக் காய்ச்சினால் கூடுதலாக 1 மணி. ஆட்டத்தை நடத்துபவர் இந்த மணிகளை யாருக்கும் காட்டாமல் ஒரு உறைக்குள் போடுவார்.

அந்த உறைதான் இந்த ஆட்டத்தின் உயிர். ஃப்ளோரைடு உடனே ஒன்றும் செய்யாது. நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும் வருடங்களில் அது சேர்கிறது, 6, 7 வயதில் முன்பல் முளைக்கும்போதுதான் கறை தெரிகிறது. அதனால் 7-ம் சுற்றில்தான் உறையைத் திறக்க வேண்டும். அதுவரை நன்றாகத்தான் ஆடுகிறோம் என்று நினைத்திருந்த பிள்ளைகள் மணிகளை எண்ணுவார்கள். எந்தச் சுற்றில் எந்த முடிவால் வந்தது என்று தங்களுக்குள்ளேயே வாதாடுவார்கள். உடனே மறு ஆட்டம் ஆட வேண்டும். கற்றல் நடப்பது இரண்டாவது ஆட்டத்தில்தான். ஆகவே ஒரு ஆட்டம் 12 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு ஆட்டம் 24 நிமிடம், விளக்கவும் அட்டை பிரிக்கவும் 5, முடிவில் பேச 10 என்றால் 45 நிமிடப் பீரியடில் அடங்கும். முடிவில் பேசும் அந்த 10 நிமிடத்தை வெட்டினால் பாதிப் பயன் போய்விடும். பள்ளிகளில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

எங்கே கெடும்? முதல் பதிப்பில் ஒகேனக்கல் குடம் சுற்றுக்கு 6 என்று தாராளமாக வைத்தால் எல்லாவற்றுக்கும் அதையே எடுப்பார்கள். யோசிக்க வேண்டிய அவசியமே வராது. குடங்களுக்குப் பச்சை, சிவப்பு வண்ணம் அடித்தால் பிள்ளைகள் வண்ணத்தைப் பார்த்து ஆடுவார்கள், காரணம் மனதில் நிற்காது. இரண்டு குடமும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், பெயர் மட்டும் வேறாக இருக்கட்டும். சீட்டில் 0 தொடர்ந்து வந்தால் எவ்வளவு நன்றாக ஆடியும் தோற்பார்கள். அது மீண்டும் பரமபதம். மூன்று சுற்றுக்கு மொத்தம் இத்தனை குடம் என்று உறுதி செய்து, எந்தச் சுற்றில் வரும் என்பதை மட்டும் சீட்டுக்கு விட்டால் சரியாகும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது தவறான பாடம். காய்ச்சினால் மணி கூடுகிறது என்று மட்டும் வைத்தால், "காய்ச்சுவது கெடுதல்" என்று முடிவு கட்டிக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். கிருமிக்குக் காய்ச்சுவதுதானே சரி? அதனால் வயிற்றுப்போக்குச் சீட்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: காய்ச்சிய தண்ணீர் குடித்த வீட்டுக்கு அது பலிக்காது. இப்போது ஒகேனக்கல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது சிறந்த முடிவாகவும், போர் தண்ணீரைக் காய்ச்சுவது ஒன்றைத் தடுத்து இன்னொன்றைக் கூட்டுவதாகவும் ஆகிறது. நிஜத்திலும் அப்படித்தான். இந்த மாதிரிப் பிசகை ஆடிப் பார்க்காமல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆட்டச் சோதனைக்கு ஒரு தடவைக்கு 4, 5 பேர் போதும். ஆனால் விதியை மாற்றி மாற்றிப் பல தடவை செய்ய வேண்டும். நண்பர்களை வைத்துச் செய்தால் "சூப்பர்" என்பார்கள், பயனில்லை. யாருக்காகச் செய்கிறோமோ அந்த வயதுப் பிள்ளைகள்தான் வேண்டும். ஆடும்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே திணறுகிறார்கள், எந்த விதியை மறக்கிறார்கள், எப்போது மேசையை விட்டுக் கண் வெளியே போகிறது என்று நேரத்தோடு குறிக்க வேண்டும்.

வேலை செய்ததா என்று காட்டுவது

முதுநிலைப் படிப்பை யூடியூப் பாடங்களிலிருந்து பிரிப்பது இந்தப் பகுதிதான். ஆட்டத்துக்கு முன் ஒரு சோதனை, முடிந்ததும் ஒன்று, 3 அல்லது 4 வாரம் கழித்து அறிவிப்பில்லாமல் இன்னொன்று. மூன்றாவது இல்லாத ஆய்வை அதிகம் நம்ப வேண்டாம். விளையாடிய உற்சாகத்தில் அன்றைக்கு எல்லோரும் நன்றாகவே எழுதுவார்கள். ஒப்பிட இன்னொரு வகுப்பும் வேண்டும். அவர்களைச் சும்மா விட்டுவிடக் கூடாது, அதே விஷயத்தை அதே 45 நிமிடத்தில் போஸ்டர் வைத்து நடத்த வேண்டும். இல்லாவிட்டால் விளையாட்டு ஜெயித்ததா, கூடுதலாக ஒரு பீரியட் எடுத்தது ஜெயித்ததா என்று தெரியாது.

கேள்வியும் நோக்கத்தை ஒட்டி இருக்க வேண்டும். "ஃப்ளோரைடின் அளவு என்ன?" என்பது மனப்பாடக் கேள்வி. "இன்று ஒரு குடம் ஒகேனக்கல் தண்ணீர்தான் இருக்கிறது, எந்த வேலைக்கு முதலில்? ஏன்?" என்பது நமக்கு வேண்டிய கேள்வி.

முடிவுகளை ஆய்வாக வெளியிட நினைத்தால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். சிறார்கள் என்பதால் பெற்றோர் கையெழுத்து, தமிழில் எழுதிய ஒப்புதல் படிவம், தலைமையாசிரியர் அனுமதி எல்லாம் கேட்பார்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு வரும் வாரங்களையும் கணக்கில் வைத்துத் தேதி குறியுங்கள்.

கணினிக்குக் கொண்டுபோகும்போது

காகிதத்தில் நிலைபெற்ற பிறகே மென்பொருள். கிளைக்கதை வடிவம் என்றால் ட்வைன் போதும், பிரவுசரில் ஓடும், தமிழ் எழுத்தில் தொந்தரவில்லை. நகரும் காட்சிகள் வேண்டுமென்றால் கோடோ அல்லது யூனிட்டி. தமிழில் செய்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிட்டியில் எழுத்தைக் காட்டப் பலர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ, எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குமே தவிர, இடம் மாற்றிக் கோக்காது. "கொடம்" என்று அடித்தால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 2023-ல் வந்த கோடோ 4 இந்தக் கோக்கும் வேலையைத் தானே செய்கிறது. யூனிட்டியிலேயே செய்தாக வேண்டும் என்றால், முதல் நாளே "கொ, கை, ஸ்ரீ, க்ஷ" என்று நாலு எழுத்தை உண்மையான போனில் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் முடிந்தபின் கண்டுபிடித்தால் மாதக்கணக்கில் அடி. அஞ்செட்டி, சித்தேரி மலைப் பக்கம் சிக்னல் நிலைமை தெரிந்ததே. ஒருதடவை இறக்கினால் நெட் இல்லாமல் ஓடும்படி செய்வது நல்லது.

சேருவதற்கு முன்

அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் ஞாயிறு இரவு 11:59 கெடு என்றால் நமக்கு அது திங்கள் காலை 10:29. மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைப்பார்கள், அப்போது 9:29. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் திங்களாக அமைந்தால் தெரியும் சேதி. ஞாயிறு இரவே ஏற்றிவிட்டுத் தூங்குங்கள். நேரடி வகுப்பு மாலை 7 மணிக்கு என்றால் இங்கே மறுநாள் விடியற்காலை 5:30, கோடையில் 4:30. பதிவை அப்புறம் பார்த்தால் போதுமா, நேரில் இருந்தாக வேண்டுமா என்பதைச் சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பத்துக்குப் பட்டச் சான்று, மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்ட், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், நோக்க உரை ஆகியவை வேண்டும். பெரியார் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடப் பட்டம் படித்தவர்கள், 16 வருடக் கல்வி கேட்கும் இடமா என்று முதலில் பாருங்கள். நோக்க உரையில் "சிறுவயது முதலே கேம் என்றால் உயிர்" என்று தொடங்காதீர்கள். எந்தப் பிரச்சினை, யாருக்கு, ஏன் அதற்கு விளையாட்டு பொருந்தும் என்று ஒரு பத்தி தெளிவாக எழுதினால் அதுதான் எடுபடும். ராயக்கோட்டைத் தக்காளி விலையோ, தேன்கனிக்கோட்டை ராகிக் காட்டில் இறங்கும் யானையோ, ஓசூர் தொழிற்சாலையில் புதிய ஆள் இயந்திரத்தில் கை வைக்கும் முதல் வாரமோ, நமக்குத் தெரிந்த விஷயம் அவர்களுக்குப் புதிது.

கட்டணத்தைக் கணக்கிடும்போது கிரெடிட் விலையைப் பெருக்கினால் மட்டும் போதாது. தொழில்நுட்பக் கட்டணம், வெளிமாநிலத்தார், வெளிநாட்டார் என்று வேறு வீதம், டாலர் அனுப்ப வங்கி எடுப்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அரசு வேலைக்கோ கல்லூரி ஆசிரியர் பணிக்கோ இந்தப் பட்டத்தைக் காட்ட நினைத்தால், வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று வேண்டும். அமெரிக்காவுக்குப் போய்ப் படித்த பட்டமும் வீட்டிலிருந்து இணையவழியில் படித்த பட்டமும் இங்கே ஒன்றாகப் பார்க்கப்படும் என்று எண்ணிவிடாதீர்கள். பணம் கட்டுமுன் யுஜிசி விதிகளைப் படித்துவிடுங்கள்.

தனியார் வேலைக்குச் சான்றிதழைவிட செய்த வேலைதான் பேசும். கவர்ச்சியான ட்ரெய்லர் வீடியோ இரண்டாம்பட்சம். ஒரு விளையாட்டுக்கு ஒரு பக்கம் என்று வையுங்கள். மேலே அளக்கக்கூடிய நோக்கம், நடுவில் முதல் பதிப்பின் படமும் கடைசிப் பதிப்பின் படமும், இடையில் எந்த விதி ஏன் மாறியது என்று நாலு வரி, கீழே எத்தனை பேர் ஆடினார்கள், முன் சோதனையிலும் பின் சோதனையிலும் என்ன எடுத்தார்கள் என்ற எண்கள். எண்கள் சுமாராக இருந்தாலும் அப்படியே போடுங்கள்.